வாங்குவோர் கடமை

பொருள் விற்போர்க்கு அறம் உண்டு என்பதைத் தமிழர் நெடுங்காலமாகவே சொல்லி வந்திருக்கின்றனர். காவிரிப்பூம்பட்டினத்து வணிகர் நடுவுநிலை தவறாதவர் என்று பட்டினப்பாலை போற்றுகிறது. கோணாத துலாக்கோலை நாம் நீதிக்கே அடையாளமாகக் கொண்டிருக்கிறோம். ஆனால், தராசின் இப்பக்கம் நிற்கும் வாங்குவோருக்கு அறம் ஒன்று உண்டா? பணம் கொடுத்தோம், பொருள் பெற்றோம், கணக்குத் தீர்ந்தது என்று வீடு திரும்புகிறோமே, அத்துடன் நம் கடமை முடிந்துவிடுகிறதா? இவ்வினாவை நாம் எழுப்புவது குறைவு. நாம் குடியேறி வாழும் இந்தக் கொல்கத்தா மாநகரமோ இதனைப் பலமுறை எழுப்பி, தன் தெருக்களிலேயே விடை தேடிய நகரமாகும்.

இரயில்வேயில் எழுத்து வேலை பார்ப்போர்க்கு ஒரு செய்தி நன்கு தெரியும். சரக்கு இரசீதில் அனுப்புவோர் பெயர் இருக்கும். பெறுவோர் பெயர் இருக்கும். எடை, கட்டணம், புறப்படும் நிலையம், சேரும் நிலையம் எல்லாம் இருக்கும். மூட்டையைச் சுமந்தவர் பெயர் இராது. அதனை விளைத்தவர், நெய்தவர் பெயரும் இராது. கடையில் நாம் பெறும் விலைச்சீட்டும் இத்தகையதே. நாம் கொடுக்கும் தொகை விலையின் ஒரு பகுதி மட்டுமே. மற்றொரு பகுதியை நாம் காணாத ஒருவர் எங்கோ செலுத்திக் கொண்டிருக்கிறார். அவர் யார் என்று கேட்பதே வாங்குவோர் கடமையின் தொடக்கம் என்பது நம் கருத்து. வரலாற்றிலிருந்து சில சான்றுகளை இங்கே எடுத்துக் காட்ட விழைகிறோம்.

சர்க்கரைக் கிண்ணத்தில் ஒரு கேள்வி

முதற்சான்று நம் நாட்டினது அன்று. மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் ஆப்பிரிக்க மக்கள் அடிமைகளாக வதைபட்ட காலம் அது. அடிமை வாணிகத்தை ஒழிக்கக் கோரிய தீர்மானம் 1791-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் தோற்றது. உடனே வில்லியம் ஃபாக்ஸ் என்பவர் ஒரு சிறு பிரசுரம் வெளியிட்டார். அடிமைகள் விளைத்த சர்க்கரையை வாங்குவோரும் அக்கொடுமையில் பங்காளிகளே என்பது அதன் சாரம். ஏறத்தாழ 3,00,000 பேர் அச்சர்க்கரையைக் கைவிட்டனர் என்று அடிமை ஒழிப்பு இயக்கத்தின் தலைவருள் ஒருவரான தாமஸ் கிளார்க்சன் மதிப்பிட்டார்.

இதில் கருதத்தக்கது ஒன்றுண்டு. அன்றைய இங்கிலாந்தில் பெண்களுக்கு வாக்குரிமை இல்லை. ஆயினும் வீட்டுக்குச் சர்க்கரை வாங்குவது அவர்கள் பொறுப்பாக இருந்தது. பாராளுமன்றத்தில் சொல்ல இயலாததை அவர்கள் கடைவீதியில் சொன்னார்கள். அடிமை உழைப்பால் விளையாத சர்க்கரை என்று சொல்லிக் கீழை இந்தியச் சர்க்கரையை அங்குள்ள கடைக்காரர் விற்றனர். நம் வங்காளத்துச் சர்க்கரைக்கு அந்நாளில் அப்படி ஒரு மதிப்பு ஏற்பட்டது. அடிமை வாணிகத்தை ஒழிக்கும் சட்டம் 1807-இல் நிறைவேறியது. அதற்குக் காரணங்கள் பல. அக்குடும்பங்களின் உறுதியும் அவற்றுள் ஒன்று.

1905: கல்கத்தாவின் விரதம்

அந்நாளில் ஆங்கிலேயர் விரும்பி வாங்கிய சர்க்கரையை அனுப்பிய வங்காளம், ஒரு நூற்றாண்டு கழித்து, அந்நியச் சர்க்கரையை வாங்க மாட்டோம் என்று சூளுரைத்தது. வங்காள மாகாணத்தை இரண்டாகப் பிரிக்கக் கர்சன் பிரபு துணிந்தார். மனுக்கள் அனுப்பப்பட்டன, கூட்டங்கள் கூடின, ஒன்றும் பயன் தரவில்லை. 1905 ஜூலை 13-ஆம் நாள் கிருஷ்ணகுமார் மித்திரரின் 'சஞ்சீவனி' இதழ் பகிஷ்காரம் என்னும் ஆயுதத்தை எடுத்துரைத்தது. ஆகஸ்டு 7-ஆம் நாள் கல்கத்தா டவுன் ஹாலில் பெருங்கூட்டம் கூடிற்று. மாணவர்கள் அணி அணியாக வந்து சேர்ந்தனர். அந்நியப் பொருள்களை விலக்குவது என்று அங்கே தீர்மானமாயிற்று.

அந்த ஆகஸ்டு 7-ஆம் நாளின் நினைவாகவே இன்று தேசியக் கைத்தறி நாள் கொண்டாடப்படுகிறது. 2015-ஆம் ஆண்டில் முதற் கைத்தறி நாள் தொடங்கி வைக்கப்பட்ட இடம் சென்னை என்பது நாம் மகிழத்தக்க செய்தி. வங்கத்தில் பிறந்த நாளைத் தமிழகம் தொட்டிலிட்டது என்று சொல்லலாம்.

பிரிவினை 1905 அக்டோபர் 16-இல் நடைமுறைக்கு வந்தது. அன்று கல்கத்தாவில் பல்லாயிரம் வீடுகளில் அடுப்பு மூட்டப்படவில்லை. அதற்கு 'அரந்தன்' என்று பெயர். மக்கள் கங்கையில் நீராடினர். ஒருவர் கையில் ஒருவர் ராக்கி கட்டினர். இரவீந்திரநாத தாகூரும் அவர்களோடு தெருவில் இறங்கி நடந்தார். மான்செஸ்டர் துணி, லிவர்பூல் உப்பு, அந்நியச் சர்க்கரை, சிகரெட்டு, செருப்பு ஆகியவை விலக்கப்பட்டன. கடைகளின் வாயிலில் மாணவர்கள் மறியல் செய்தனர். 1892-இல் பிரபுல்ல சந்திர ராயர் தொடங்கிய பெங்கால் கெமிக்கல்ஸ் போன்ற தொழில்கள் புத்துயிர் பெற்றன. வங்கலட்சுமி நூற்பாலை 1906-இல் எழுந்தது.

நம் போன்ற எழுத்தர்களும் அவ்வியக்கத்தில் வாளாவிருக்கவில்லை. ஹௌராவில் பர்ன் கம்பெனியின் எழுத்தர் 247 பேர், தம் மானத்துக்கு இழுக்கான வேலை விதி ஒன்றை எதிர்த்து 1905 செப்டம்பரில் வெளியேறினர். 1906 ஜூலையில் கிழக்கிந்திய இரயில்வே எழுத்தர்கள் வேலை நிறுத்தம் செய்தனர். அதிலிருந்து இரயில்வே ஊழியர் சங்கம் ஒன்றும் பிறந்தது. பொருளை வாங்குவோன் என்ற முறையிலும் உழைப்பை விற்போன் என்ற முறையிலும் தனக்கு மானம் உண்டு என்பதை எழுத்தன் ஒரே காலத்தில் உணர்ந்தான் என்பது நாம் நினைவிற் கொள்ளத்தக்கது.

விரதத்தின் பயன் யாது? 1905 ஆகஸ்டோடு ஒப்பிட, 1906 ஆகஸ்டில் அந்நியத் துணி இறக்குமதி 22 விழுக்காடும், நூல் 44 விழுக்காடும், உப்பு 11 விழுக்காடும், சிகரெட்டு 55 விழுக்காடும், செருப்பு வகைகள் 68 விழுக்காடும் குறைந்தன என்று கல்கத்தாச் சுங்க அதிகாரி குறித்தார். துணி வியாபாரிகளுக்கும் ஆங்கில உற்பத்தியாளருக்கும் இடையே இருந்த வாணிகப் பிணக்கும் துணி இறக்குமதி குறைந்ததற்கு ஒரு காரணம் என்பர் ஆராய்ச்சியாளர். ஆயினும் எண்ணிக்கைகளை உற்றுப் பார்ப்போர்க்கு ஓர் உண்மை புலப்படும். சிகரெட்டும் பூட்சும் படித்த நடுத்தர மக்கள் வாங்கியவை. அவை பெரிதும் குறைந்தன. உப்பும் துணியும் எல்லா மக்களுக்கும் இன்றியமையாதவை. அவை அத்துணை குறையவில்லை. விரதம் நடுத்தர வீட்டில் நிலைத்தது. குடிசைக்குள் முழுமையாக நுழையவில்லை.

ஏன் நுழையவில்லை?

குடிசையில் வாழ்ந்தவனுக்கு நாட்டுப்பற்று இல்லை என்று கூறுவோர் பிழை கூறுவோராவர். மான்செஸ்டர் வேட்டி மலிவானது. நாட்டு வேட்டி விலை மிக்கது. பகிஷ்காரம் தொடங்கியதும் பம்பாய் ஆலை முதலாளிகள் விலையைக் குறைத்தார்களா? இல்லை, தேவை பெருகிற்று என்று உயர்த்தினார்கள். விலை ஏற்றாதீர் என்று வங்கத் தலைவர்கள் வேண்டியும் அவர்கள் செவி சாய்க்கவில்லை. எனவே நடுத்தர மக்கள் சூடிய தியாக மாலைக்கு உரிய விலையில் ஒரு பங்கைக் கீழை வங்காளத்து ஏழை உழவன் கொடுக்க நேர்ந்தது. அவனுள் பெரும்பாலோர் முஸ்லிம்கள். சிற்சில ஊர்களில் ஜமீன்தாரின் ஆட்கள் அவனை வற்புறுத்தியும் அச்சுறுத்தியும் விலக்கச் செய்தனர். 1907-இல் கோமில்லாவிலும் ஜமால்பூரிலும் கலகங்கள் மூண்டன. அவற்றுக்குக் காரணங்கள் பல. வற்புறுத்திய பகிஷ்காரமும் அவற்றுள் ஒன்று.

இதனை முதலில் உணர்ந்து வருந்தியவர்களுள் தாகூரும் ஒருவர். அக்டோபர் 16-இல் ராக்கி கட்டிய அவரே பின்னர் அவ்வியக்கத்திலிருந்து விலகினார். 1916-இல் நூலாக வெளிவந்த 'கரே பாயிரே' என்னும் நாவலில், பஞ்சு என்னும் ஏழையின் அந்நியத் துணி மூட்டை தேசத்தின் பெயரால் எரிக்கப்படுகிறது. எரித்தவனுக்கு நட்டமில்லை, பஞ்சுவுக்கோ அதுவே பிழைப்பு. இவ்வொரு நிகழ்ச்சியால் தாகூர் ஒரு பெருங்கேள்வியை எழுப்பிவிட்டார். பிறன் செலவில் நாம் செய்யும் தியாகம் தியாகமாகுமா?

பிரிவினை 1911 டிசம்பரில் நீக்கப்பட்டது. விரதம் வென்றது என்றே வரலாறு கூறும். அதில் ஐயமில்லை. ஆயினும் அவ்வெற்றியின் விலையை யார் யார் செலுத்தினர் என்ற கணக்கையும் நாம் மறத்தலாகாது.

தூத்துக்குடியில் இலவசக் குடை

கல்கத்தாவில் மூண்ட தீ தென்கடற்கரையிலும் பற்றியது. பிரிவினை நடைமுறைக்கு வந்த நாளின் முதலாண்டு நிறைவில், 1906 அக்டோபர் 16-ஆம் நாள், தூத்துக்குடியில் சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவு செய்யப்பட்டது. அதனைத் தோற்றுவித்தவர் ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வழக்கறிஞர் வ. உ. சிதம்பரம் பிள்ளை என்பதைத் தமிழ்க் குழந்தைகளும் அறியும். மூலதனம் 10 இலட்சம் ரூபாய்; பங்கு ஒன்று 25 ரூபாய்; பங்குகள் 40,000. பாண்டித்துரைத் தேவர் தலைவராக இருந்தார். ஹாஜி முகமது பக்கீர் சேட் 2 இலட்சம் ரூபாய்க்குப் பங்கு வாங்கினார்.

எதிரில் நின்ற கம்பெனி எது? தூத்துக்குடி, கொழும்புக் கடல்வழியைத் தன் கைக்குள் வைத்திருந்த பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனி. அதன் வேரோ நம் ஹூக்ளி நதிக்கரையில் இருந்தது. கல்கத்தாவுக்கும் ரங்கூனுக்கும் இடையே தபால் கொண்டு செல்வதற்காக 1856-இல் 'கல்கத்தா-பர்மா' என்னும் பெயருடன் தோன்றி, 1862-இல் புதுப்பெயர் பெற்ற கம்பெனி அது. அதனை நடத்திய மெக்கின்னன் மெக்கன்சி கம்பெனியார் கல்கத்தாவில் கோலோச்சியவர்கள். எனவே தூத்துக்குடித் துறைமுகத்தில் நடந்த போட்டிக்கும் நாம் வாழும் நகரத்துக்கும் உள்ள தொடர்பு நெருக்கமானது.

சுதேசிக் கம்பெனி முதலில் வாடகைக் கப்பல் கொண்டு தொழில் தொடங்கிற்று. வாடகைக்குக் கொடுத்தவர்கள் மிரட்டப்பட்டனர். சிதம்பரனார் சொந்தக் கப்பல் வேண்டும் என்று பம்பாய் சென்றார். 1907-இல் 'காலியா', 'லாவோ' என்னும் இரு கப்பல்கள் வந்து சேர்ந்தன. மக்கள் ஆரவாரத்துக்கு அளவில்லை. அப்போது எதிர்க் கம்பெனி கையாண்ட ஆயுதம் பீரங்கி அன்று, மலிவு. பயணக் கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணாவுக்கு இறங்கிற்று. உடனே வெள்ளையர் கம்பெனி இலவசமாகவே ஏற்றிச் செல்வதாகவும், பயணிக்கு ஒரு குடையும் தருவதாகவும் அறிவித்தது என்பது இன்றளவும் தென்னாட்டில் வழங்கும் செய்தி.

அன்பர்களே, அக்குடையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். அதற்கு விலை இல்லையா? உண்டு. அவ்விலையைச் செலுத்தியவர்கள் 25 ரூபாய் போட்டுப் பங்கு வாங்கிய தமிழ்நாட்டுச் சிறு குடும்பத்தார். இலங்கைத் தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போன ஏழை அக்குடையை ஏற்றால் நாம் அவனைக் குறை கூற மாட்டோம். எட்டணா அவனுக்கு ஒரு நாளின் சோறு. ஆனால் எட்டணாவைப் பெரிதாகக் கருத வேண்டாதவரும் இருந்திருப்பரே. அவர்கள் அக்குடையின் கீழ் நின்றிருந்தால் அதற்கு என்ன சமாதானம் கூறுவது? இலவசம் என்பது போட்டி உள்ளவரை நீடிப்பது. போட்டி ஒழிந்தபின் யார் யாருக்கு இலவசம் கொடுப்பார்?

வங்கத் தலைவர் விபின சந்திர பாலர் சிறையிலிருந்து விடுதலையானதை 1908 மார்ச்சில் கொண்டாட முற்பட்ட சிதம்பரனார், மார்ச்சு 12-ஆம் நாள் கைதானார். ஜூலை 7-இல் இரட்டை ஆயுள் தண்டனை பெற்றார். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. கோவைச் சிறையில் செக்கிழுத்தார். 1912 டிசம்பரில் அவர் வெளிவந்தபோது கம்பெனி இல்லை. அது 1911-இலேயே கலைக்கப்பட்டுவிட்டது. கப்பல்கள் போட்டிக் கம்பெனியார் கைக்கே போயின என்பர். அரசாங்கத்தின் அடக்குமுறையே அக்கம்பெனி வீழ்ந்ததற்கு முதற்காரணம். எனினும் அவ்வீழ்ச்சியில் மலிவுக்கும் ஒரு பங்கு உண்டு.

வங்கத்தில், விலை உயர்ந்த பொருளை வாங்கும்படி ஏழையை வற்புறுத்தியது பிழையாயிற்று. தூத்துக்குடியிலோ, வசதி உள்ளவரும் மலிவை மட்டும் நோக்கினால் நல்ல முயற்சி மாயும் என்பது தெளிவாயிற்று. முன்னது பின்னதற்கு முரண் அன்று. இயன்றவன் தானே விரும்பித் தாங்கவேண்டும். இயலாதவன் மேல் சுமத்தலாகாது. வாங்குவோர் அறத்தின் முழுமை இதுவே.

1943: பசித்த நாட்டில் நிறைந்த கடை

இனிச் சொல்லவிருப்பது துயரம் மிக்கது. எனினும் கொல்கத்தாவில் வாழ்வோர் இதனைச் சொல்லாமல் வாங்குவோர் கடமை பற்றிப் பேசுதல் தகாது.

1942-இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றவே அங்கிருந்து வந்த அரிசி நின்றது. அவ்வாண்டு அக்டோபரில் மேதினிபுரத்தைப் பெரும் புயல் தாக்கிற்று. பகைவர் கைக்குப் போகாதிருக்க என்று அரசாங்கம் கடலோர மக்களின் படகுகளைப் பறிமுதல் செய்தது. போர்ச் செலவால் பணம் பெருகிற்று. 1942 டிசம்பரில் வங்காள மணங்கு ஒன்றுக்கு, அஃதாவது சுமார் 37 கிலோவுக்கு, 13 அல்லது 14 ரூபாயாக இருந்த அரிசி, 1943 மே மாதத்தில் 30 ரூபாயைத் தாண்டி, ஆகஸ்டில் 37 ரூபாயைத் தொட்டது. கிராமத்துக் கூலியாளின் வருமானம் அவ்வாறு உயரவில்லை. பதுக்கியவன் கொழுத்தான்.

கல்கத்தாவில் மட்டும் அரிசி இருந்தது. போர்த்தொழில் நிலைகுலையக் கூடாது என்பதற்காக, அரசாங்க அலுவலர், துறைமுகத் தொழிலாளர், ஆலைத் தொழிலாளர், இரயில்வே ஊழியர் ஆகியோருக்கு முதலாளிகள் வழியாக மலிவு விலையில் தானியம் வழங்கப்பட்டது. அதற்கான அரிசி கிராமப்புறத்திலிருந்து எந்த விலைக்கும் வாங்கப்பட்டது. கல்கத்தா வாங்க வாங்க, கிராமத்தில் விலை ஏற ஏற, உழவுக் கூலிகளும் மீனவரும் கைவினைஞரும் தாம் வாழ்ந்த மண்ணில் விளைந்த அரிசியைத் தாமே வாங்க இயலாதவராயினர். அவர்கள் நகரத்துக்கு நடந்து வந்தனர். வீட்டு வாயில்களில் நின்று அவர்கள் கேட்டது சோறு அன்று. சோறு வடித்த கஞ்சியை. அதுவும் கிடைக்காமல் நடைபாதைகளில் மாண்டனர். 1943 ஆகஸ்டில் 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழ் அப்படங்களை வெளியிட்ட பின்னரே உலகம் விழித்தது. மாண்டோர் 15 இலட்சம் என்றது அரசாங்கம் அமைத்த விசாரணைக் குழு; பின்வந்த ஆய்வாளர் சிலர் 30 இலட்சம் வரை கணக்கிட்டனர். கல்கத்தாவில் முறையான ரேஷன் 1944 ஜனவரி இறுதியில்தான் தொடங்கிற்று.

சிறுவனாக இப்பஞ்சத்தைக் கண்ட அமர்த்தியா சென், 1981-இல் எழுதிய நூலில், உணவுத் தட்டுப்பாட்டைக் காட்டிலும் உணவை வாங்கும் ஆற்றலை மக்கள் இழந்ததே இக்கேட்டுக்கு அடிப்படை என்று வாதிட்டார். கடை நிறைந்திருக்கையிலேயே மக்கள் மடியலாம் என்பது அவர் காட்டிய கொடிய உண்மை.

அக்காலத்து இரயில்வே ஊழியர் தானியக் கடையில் வரிசையில் நின்று தம் பங்கைப் பெற்றது குற்றமா? அன்று. தம் பிள்ளைகளுக்குச் சோறிடுவது எவர்க்கும் முதற்கடன். அவர்களுள் நம் தமிழ்க் குடும்பங்களும் இருந்திருக்கும். ஆயினும் தம் பங்குக்குமேல் வாங்கிப் பதுக்கியவனும், பங்கு முடிந்தபின் வெளிச்சந்தையிலும் மூட்டை மூட்டையாக வாங்கியவனும் அறியாமலே பிறன் வாயிலிருந்து சோற்றைப் பறித்தான். அதே நகரத்தில் இலவசக் கஞ்சித் தொட்டிகள் வைத்தவர்களும் இருந்தனர். அறம் எந்நாளும் இருவகையாகவும் வாய்ப்புத் தருகிறது. தெரிந்தெடுப்பது வாங்குவோர் கையில் உள்ளது.

கூடி வாங்குதல்

ஒருவர் தனியே நின்று இக்கேள்விகளுக்கு விடை காண்பது அரிது. அரிசி எங்கிருந்து வந்தது, எடை சரியா, விலை நேரியதா என்று ஒவ்வொருவரும் ஆராய்ந்து கொண்டிருக்க இயலுமா? எனவேதான் கூடி வாங்கும் முறை தோன்றிற்று. 1844 டிசம்பரில் இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் ஊரில் 28 பேர் சேர்ந்து சிறு கடை ஒன்று திறந்தனர். கலப்படமற்ற பொருள், சரியான எடை, ஆதாயம் வாங்குவோருக்கே என்பது அவர்கள் கொள்கை. அறுபது ஆண்டுகளில் அவ்வித்து சென்னையில் முளைத்தது. 1904-இல் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. அதனைத் தொடங்கியவர்களுள் ஒருவர் வலங்கைமான் ஸ்ரீநிவாச சாஸ்திரியார். மாதச் சம்பளக்காரக் குடும்பங்கள் நாணயமான மளிகைக்குக் கூட்டுறவு முறையை நாடியமை அவர்கள் தொலைநோக்கைக் காட்டுகிறது. 1935-இல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் நெசவாளருக்கு அவ்வாறே துணை நின்றது.

சட்டமும் பின்னர் வந்தது. 1986-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வாங்குவோருக்கு உரிமைகளையும் முறையீட்டு மன்றங்களையும் அளித்தது. 2019-ஆம் ஆண்டின் புதிய சட்டம் அதன் இடத்தைப் பெற்று, 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. உரிமை கிடைத்தது நன்று. ஆனால் சட்டம் நம்மை ஏமாறாமல் காக்கும். நம்மால் பிறர் நலியாமல் காக்கும் கடமையை நாமே மேற்கொள்ள வேண்டும்.

நாம் இந்நகரில் யார்?

இதுகாறும் கூறியவை பழங்கதைகள் அல்ல. இன்று கையடக்கத் தொலைபேசியைத் தொட்டால் பத்து நிமிடத்தில் பொருள் வாசலுக்கு வருகிறது. கொட்டும் மழையில் மிதிவண்டியோ மோட்டார் சைக்கிளோ ஓட்டி வரும் இளைஞன் அவ்விலையின் மறுபகுதியைச் செலுத்துகிறான். பண்டிகைதோறும் தள்ளுபடி விளம்பரம் வருகிறது. தவணையில் வாங்குமாறு வங்கிகள் அழைக்கின்றன. வேண்டாததை வாங்கி, வேண்டியதற்குக் கடன் படும் குடும்பங்களை நம் காலனியிலேயே காண்கிறோம். வாங்கியதன் மிச்சம் எங்கே போகிறது என்பதையும் நினைத்தல் வேண்டும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றுக்கு 2022 ஜூலை 1 முதல் தடை உண்டு. ஆயினும் ஆடி மழையில் சாக்கடைகள் அடைபட்டுத் தெருவில் முழங்கால் அளவு நீர் நிற்கையில், அடைத்தது எது என்று நமக்குத் தெரியும். அதனைக் கையால் அகற்றும் மாநகராட்சித் தொழிலாளியையும் தெரியும். அவர் பெயர்தான் தெரியாது.

நாம் பிழைப்புத் தேடி வந்தவர்கள். லேக் மார்க்கெட்டில் கறிவேப்பிலையும் காப்பித் தூளும் முருங்கைக்காயும் கிடைத்துவிட்டால் ஊரில் இருப்பது போலவே மனம் நிறைகிறது. இதில் தவறில்லை. ஆனால் நம்முள் பலர் இந்நகருடன் கொண்ட உறவு கடையோடு முடிந்துவிடுகிறது என்பதே நம் கவலை. வாடகை கொடுக்கிறோம், பொருள் வாங்குகிறோம், ஓய்வு பெற்றதும் ஊர் திரும்பத் திட்டமிடுகிறோம். வாங்குவோராக மட்டும் வாழ்ந்தால் நாம் இந்நகரின் விருந்தினர். வாங்கும்போதே பிறரையும் எண்ணினால் இதன் குடிமக்கள். நம் பிள்ளைகள் பலர் இங்கே பிறந்தவர்கள். அவர்களை எவ்வகையினராக வளர்க்கப் போகிறோம்?

பெருஞ்செயல்கள் வேண்டா. ஆகஸ்டு 7-ஆம் நாள் இயன்றவர்கள் ஒரு கைத்தறித் துணி வாங்கலாம். அது சாந்திபுரத்துச் சேலையாகவும் இருக்கலாம், காஞ்சிபுரத்துப் பட்டாகவும் இருக்கலாம். இயலாதவரை ஏன் வாங்கவில்லை என்று எவரும் கேளாதிருப்போம். 1905-இன் பாடம் அது. தெருமுனைக் காய்கறிக்காரியிடம் இரண்டு ரூபாய்க்கு வாதாடி, பெரிய கடையில் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு வரும் வழக்கத்தை விடுவோம். இரசீது கேட்டு வாங்குவோம். கடைக்குப் போகையில் சணல் பையோ துணிப் பையோ எடுத்துச் செல்வோம். சணல் வங்கத்தின் செல்வமன்றோ! நம் சங்க விழாப் பந்தியில் இலையில் சோறு மிஞ்சாதவாறு பரிமாறுவோம். மிஞ்சிய உணவு அன்றிரவே பசித்தோரைச் சேரப் பொறுப்பாளர் இருவரை அமர்த்துவோம். காலனிக் குடும்பங்கள் பத்துப் பதினைந்து சேர்ந்து மாத அரிசி பருப்பை ஒன்றாக வாங்கும் முயற்சியைச் சங்கம் ஆராயலாம் என்பது நம் பணிவான வேண்டுகோள்.

வள்ளுவர் ஒப்புரவறிதல் என ஓர் அதிகாரமே வகுத்தார். பிறரையும் தம்மைப் போல் எண்ணி உதவி வாழும் உலகநடை அறிதலே ஒப்புரவு. செல்வர்க்கு மட்டும் உரியது அது என்று நாம் நினைத்திருந்தோம். பை தூக்கிக் கடைக்குச் செல்லும் ஒவ்வொருவருக்கும் அது உரியது.